பத்துப் படங்களோடு வந்த டிவி

2012 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த சோனியின் 84 இன்ச் டிவிக்கு விலை 24,999 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் பதின்மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல். அதை வாங்கியவர் வீட்டுக்கு டிவியோடு சிறிய பெட்டி ஒன்றும் போனது. பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் பத்துத் திரைப்படங்கள். பெட்டியை நிறுவனம் விற்கவில்லை, இரவலாகக் கொடுத்தது. ஏனென்றால், அந்தத் திரையின் முழுத் திறனுக்கும் ஏற்ற திரைப்படம் எதையும் அப்போது கடையில் டிஸ்க்காக வாங்க முடியாது. எந்தச் சேனலும் ஒளிபரப்பவும் இல்லை. டிவி செய்தவர்களே படத்தையும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது.

அந்தப் பத்தில் ஒன்று 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் குறுக்கே நிஜமாகவே ஒரு பாலத்தைக் கட்டி எடுத்த படம். ஐம்பத்தைந்து ஆண்டு பழைய படம் எப்படி அன்றைய புத்தம்புது டிவிக்கு ஈடுகொடுத்தது? அதை எடுத்தது ஃபிலிமில். அந்தக் காலத்து 35 மில்லிமீட்டர் நெகட்டிவை நல்ல ஸ்கேனரில் வைத்தால், வீட்டு டிவிகள் அதுவரை காட்டியதைப் போலப் பல மடங்கு நுணுக்கம் கிடைக்கும். கேமரா எப்போதோ தயாராகிவிட்டது. 2012இல் திரையும் தயாரானது. நடுவில் இருக்க வேண்டிய கேபிள், சுருக்கும் முறை, ஒளிபரப்பு, வண்ணத் தரம் எதுவும் தயாராகவில்லை. முந்தி வாங்கியவர்களின் கதை முழுவதும் இந்த நடுப்பகுதியில்தான் நடக்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்று மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள். குறுக்கிலும் நெடுக்கிலும் அதை இரட்டித்தால் 3,840க்கு 2,160, மொத்தம் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. இதற்கு 'அல்ட்ரா எச்டி' என்று அமெரிக்க மின்னணுப் பொருள் தயாரிப்பாளர் சங்கம் பெயர் சூட்டியது 2012 அக்டோபரில்தான். கடைக்காரர்கள் வாயில் அது 4கே என்றே நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட திரையில் எச்டி சேனலை ஓடவிட்டால் வந்து சேர்வது 20 லட்சம் புள்ளிகளுக்கான தகவல் மட்டுமே. மீதி 62 லட்சம் புள்ளிகளுக்கு என்ன நிறம் என்பதை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து டிவிக்குள் இருக்கும் சிப் கணக்கிட்டு நிரப்புகிறது. நல்ல சிப் இதை அழகாகவே செய்யும். ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் 4கே டிவி வாங்கியவர்கள் பெரும்பாலான நேரம் பார்த்தது, நான்கில் மூன்று பங்கு ஊகத்தால் நிரப்பிய படத்தை.

ஊகமோ உண்மையோ, அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியுமா? கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகையில் 'ஆறுக்கு ஆறு' வாங்கும் கண், ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும். பத்து மீட்டருக்கு அப்பால் மூன்று மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் எள்ளின் நீளம். இதைத் திரைக்குப் பொருத்தினால் கணக்கு தானாக வரும். 55 இன்ச் ஃபுல் எச்டி டிவியில் ஒரு புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீட்டர். ஏழடிக்குச் சற்று அதிகமான தூரத்தில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதே அளவு 4கே திரையின் முழு நுணுக்கத்தையும் கண் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் திரைக்கு மூன்றரை அடி தூரத்தில் உட்கார வேண்டும். எந்த வீட்டு ஹாலிலும் சோஃபா அப்படிக் கிடப்பதில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 2013இல் பல விமர்சகர்கள் 4கே வீண் என்று அடித்துச் சொன்னார்கள். அது சற்று அவசரமான தீர்ப்பு. எழுத்துப் பலகை அளப்பது எழுத்தை அடையாளம் காணும் திறனை. கண்ணின் கடைசி எல்லையை அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெட்டா நிறுவனத்தின் ஆய்வகத்தோடு சேர்ந்து 2025இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு டிகிரிக்கு 60 புள்ளி என்ற பழைய எல்லை போதாது. கருப்பு வெள்ளைப் படத்தை நேராகப் பார்க்கும்போது சராசரிக் கண் 94 புள்ளிவரை வேறுபாட்டை உணர்கிறது. வண்ணத்தில் அந்தத் திறன் குறைகிறது. மஞ்சள், ஊதா வேறுபாட்டில் 53தான்.

சென்னை அடுக்ககங்களில் சுவரிலிருக்கும் டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவே எட்டரை அடி இருப்பதாக வைத்துக்கொண்டு 94ஐ அளவுகோலாக எடுத்தால் சுவையான முடிவு ஒன்று கிடைக்கிறது. 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி அந்தத் தூரத்தில் டிகிரிக்கு 91 புள்ளியைத் தருகிறது. கண்ணின் எல்லைக்கு மிக அருகில். அந்த அளவில் 4கே கூட்டித் தருவது அநேகமாக ஒன்றுமில்லை. 55 இன்ச் எச்டி தருவது 71. இங்கே 4கேக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. 84 இன்ச் எச்டி தருவதோ வெறும் 47. அதே அளவில் 4கே தருவது ஏறத்தாழ 94. பதின்மூன்று லட்சம் ரூபாய் டிவி, கண்ணைப் பொறுத்தவரை சரியான அளவில்தான் வந்திருக்கிறது. அதன் பிறகு வாங்கும் விலைக்கு இறங்கிய சின்னத் திரைகளில்தான் புள்ளிகள் கண்ணைத் தாண்டிப் போயின.

விலை இறங்கிய வேகத்தைச் சொல்லியாக வேண்டும். 2013 ஏப்ரலில் சோனி தன் 55 இன்ச் 4கே டிவிக்கு 4,999 டாலர் என்றது. அதே மாதம் செய்கி என்ற, அதுவரை பலர் கேள்விப்பட்டிராத நிறுவனம் 50 இன்ச் 4கே டிவியை 1,499 டாலருக்கு இறக்கியது. இந்தியாவில் 2018 பிப்ரவரியில் ஷாவ்மி 55 இன்ச் 4கே டிவியை 39,999 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. சோனியின் டிவியையும் ஷாவ்மியின் டிவியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் ஐந்தே ஆண்டில், அந்த அளவுத் திரையும் அத்தனை புள்ளிகளும் ஏழெட்டில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிட்டன என்பது மறுக்க முடியாதது.

இந்தச் சரிவுக்குக் காரணம் கண்ணாடி. எல்சிடி திரைகளைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் மொத்தமாகச் செய்து, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்களை ஒரே தாளில் வரிசையாக அச்சடித்து வெட்டுவது போலத்தான். எட்டரைத் தலைமுறை என்று தொழிலில் சொல்லும் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதில் 55 இன்ச் திரை ஆறு தேறும். சீனாவின் ஹெஃபெய் நகரில் பிஓஇ நிறுவனம் 2017 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய ஆலையின் தகடு 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர், அதில் 65 இன்ச் திரை எட்டு. ஒரு தகட்டில் புள்ளிகளை நான்கு மடங்கு நெருக்கமாகப் பதிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஆலை பழகப் பழகக் கரைந்துவிடுகிறது. கழிவு குறையும், பழுதான திரைகள் குறையும். ஆகவே புள்ளி எண்ணிக்கைக்கு மட்டும் கொடுக்கும் கூடுதல் விலைதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் மறையும் விலை.

விலை இறங்கியது கூட முந்தி வாங்கியவருக்குப் பெரிய இழப்பில்லை. பணம் உள்ளவர் கொடுத்தார், அனுபவித்தார் என்று விடலாம். உண்மையான இழப்பு டிவியின் பின்பக்கத்தில், கேபிள் செருகும் துளையில் இருந்தது.

82 லட்சத்து 94 ஆயிரம் புள்ளி, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட். 2012, 2013 டிவிகளில் இருந்த எச்டிஎம்ஐ 1.4 துளையின் மொத்தக் கொள்ளளவு 10.2, அதிலும் படத்துக்குக் கிடைப்பது எட்டுச் சொச்சம். அதனால் நொடிக்கு 30 படத்துக்கு மேல் 4கே தரத்தில் உள்ளே போகவில்லை. திரைப்படத்துக்கு 24 போதும். கிரிக்கெட் பந்துக்கும் கால்பந்துக்கும் கணினி விளையாட்டுக்கும் போதாது. 18 ஜிகாபிட் கொள்ளும் எச்டிஎம்ஐ 2.0 தரநிலையை வெளியிட்டது 2013 செப்டம்பரில்.

அதற்குள் வாங்கியவர்களுக்காக நிறுவனங்கள் சில வழிகளைத் தேடியது பாராட்ட வேண்டிய விஷயம். சோனி தன் 2013 டிவிகளுக்கு மென்பொருள் வழியாகவே 60 படத்தை ஏற்க வைத்தது. வெளிச்சத் தகவலை முழுதாக வைத்துக்கொண்டு வண்ணத் தகவலை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்தால் மொத்தச் சுமை பாதியாகிவிடும். வண்ண நுணுக்கத்தில் கண் மந்தம் என்பதால் பார்ப்பவருக்கு அநேகமாகத் தெரியாது. சாம்சங் தன் உயர்ரக டிவிகளின் துளைகளையும் சிப்பையும் தனிப் பெட்டியில் வைத்தது. அடுத்த ஆண்டுகளில் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கி மாட்டினால் புது எச்டிஎம்ஐ, புது சிப். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை அந்த ஆண்டுகளில் வேறு எங்கும் பார்ப்பது அரிது. டிவியில் எந்த உறுப்பு முதலில் கிழடாகும் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

கேபிளுக்கு அடுத்தது சுருக்குதல். நொடிக்கு 12 ஜிகாபிட்டை அன்றைய சாதாரண வீட்டு இணைய இணைப்பு தாங்காது. எச்.265 என்று சொல்லும் எச்இவிசி முறை 2013இல் தரநிலையானது. பழைய முறைக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரும். 2014 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தை நொடிக்கு 16 மெகாபிட் அளவில் 4கேயாக அனுப்பத் தொடங்கியபோது, அதைப் பிரித்துக் காட்டும் சிப் உள்ள புது டிவிகளில் மட்டுமே அது ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய 4கே டிவிகளுக்குள் அந்தச் சிப் இல்லை. அவற்றில் எச்டிதான் வந்தது. இதே போன்ற மோதல் பிறகும் நடந்தது. யூடியூப் 4கேயை விபி9 என்ற வேறு முறையில் அனுப்ப, 2017இல் வந்த ஆப்பிள் டிவி 4கே பெட்டிக்கு அது புரியவில்லை. 2020இல் புது மென்பொருள் வரும்வரை அந்தப் பெட்டியில் யூடியூபின் 4கே படங்கள் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பொறியாளர்கள் வேறொரு பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் இந்தக் கதையின் மையம்.

சாதாரண டிவிப் படத்தைத் தயாரிக்கும் ஸ்டூடியோத் திரையின் உச்ச வெளிச்சம் 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). பழைய படக்குழாய் டிவிகளின் காலத்துப் பழக்கம் அது. மதிய வெயிலில் பளிச்சிடும் கோயில் கலசத்தையும் கருவறை இருட்டில் அசையும் அகல்விளக்கையும் ஒரே படத்தில் அந்த 100க்குள் அடைக்க முடியாது. ஒன்று வெளுத்துப் போகும், இல்லையேல் மற்றது கரியாகும். எச்டிஆர் என்ற முறை இந்த எல்லையை உடைத்தது. படங்களை 1,000 நிட், 4,000 நிட் வெளிச்சத்துக்குத் தயாரிக்கிறார்கள். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையின் வரைமுறை 10,000வரை போகிறது. ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள் என்பது 1,024 படிகளாகிறது; அதனால் மாலை வானத்தில் வரிவரியாகப் பட்டை விழுவது குறைகிறது. நிறங்களின் பரப்பும் விரிந்தது. கண் அறியும் நிறப் பரப்பின் வரைபடத்தில் எச்டியின் தரநிலை மூடுவது ஏறத்தாழ 36 விழுக்காடு. அல்ட்ரா எச்டிக்காக 2012இல் வகுத்த தரநிலை 76 விழுக்காடு.

இந்த வேறுபாட்டைப் பார்க்கத் திரைக்கு மூன்றரை அடியில் உட்கார வேண்டியதில்லை. அறையின் மறுகோடியில் நின்றாலும் தெரியும். கண்ணின் புள்ளி பிரிக்கும் திறனுக்குத் தூரம் பகை. வெளிச்ச வேறுபாட்டை உணரும் திறனுக்கு அப்படியில்லை. ஆனால் டால்பி விஷன் அறிவிப்பு வந்தது 2014 ஜனவரியில். எச்டிஆர்10 என்ற பொதுத் தரம் 2015 ஆகஸ்டில். அதைக் கடத்தும் எச்டிஎம்ஐ 2.0ஏ 2015 ஏப்ரலில். 2012லும் 2013லும் வாங்கிய திரைகளுக்கு அந்த வெளிச்சமும் இல்லை, அந்த நிறமும் இல்லை. சாம்சங்கின் பெட்டியை மாற்றலாம். திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை மாற்ற முடியாது.

2016 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் 4கே ப்ளூரே டிஸ்க்குகள் இதற்குச் சாட்சி. அவற்றுள் ஒன்று 'தி மார்ஷியன்'. படம் பிடித்த கேமரா 4கேயைத் தாண்டியது. ஆனால் இறுதிப் பிரதியைத் தயாரித்தது 2கே தரத்தில். அந்த ஆண்டுகளின் பெரிய ஹாலிவுட் படங்கள் பலவற்றின் நிலை இதுதான். கிராஃபிக்ஸ் காட்சிகளை 4கேயில் செய்யும் செலவும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. ஆக, டிஸ்க்கில் வந்த 4கே, எச்டியைவிடக் கொஞ்சமே கூடிய பிரதியைப் பெரிதாக்கியது. 1957இல் கித்துல்கலவில் எடுத்த படத்தில் அதைவிட அதிகமான நிஜ நுணுக்கம் இருந்தது. அப்படியிருந்தும் அந்த டிஸ்க்கைப் பார்த்தவர்கள் எச்டி டிஸ்க்கைவிட மேல் என்றார்கள். செவ்வாய் மண்ணின் சிவப்பும் விண்கலத்தில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் செய்த வேலை அது.

முந்தி வாங்குவதன் சங்கடத்தை வேறெந்த நாட்டையும்விட நன்றாக அறிந்த நாடு ஜப்பான். அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1980களிலேயே மியூஸ் என்ற அனலாக் எச்டி முறையை உருவாக்கிச் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பியது. தொடக்கத்தில் அந்த டிவிகளின் விலை பத்து லட்சங்களில் யென். பிறகு உலகமே டிஜிட்டலுக்குத் திரும்ப, 2007இல் மியூஸ் ஒளிபரப்பு நின்றது. அதே நாட்டில் 4கே டிவிகள் 2011 கடைசியிலிருந்தே விற்றன. செயற்கைக்கோள் 4கே ஒளிபரப்பு முறையாகத் தொடங்கிய நாள் 2018 டிசம்பர் 1. அன்று பல வீடுகளுக்கு உறைத்த செய்தி: ஆண்டுக்கணக்காகச் சுவரில் தொங்கிய 4கே டிவிக்குள் அந்த ஒளிபரப்பை வாங்கும் ட்யூனர் இல்லை. அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது '4கேக்கு ஏற்றது' என்பது. தனி ட்யூனர் வாங்க வேண்டும். சில சேனல்கள் புது வகை அலையில் வந்ததால் அவற்றுக்குக் கூரையிலிருந்த ஆன்டெனாவையும் மாற்ற வேண்டும்.

இந்தியாவில் 2015 உலகக் கோப்பை கிரிக்கெட்டின்போது டாடா ஸ்கையும் வீடியோகான் டி2எச்சும் 4கே செட்-டாப் பாக்ஸோடு களம் இறங்கின. சில ஆட்டங்கள் 4கேயில் வந்தன. கோப்பை முடிந்ததும் வீட்டில் ஓடியவை பழைய சேனல்கள்தான். இன்றும் தமிழ்ச் சேனல்கள் எச்டிக்கு மேல் வருவதில்லை. 4கே என்றால் அது ஓடிடியில் வரும் படம் என்றாகிவிட்டது.

அப்படியானால் முந்தி வாங்கிய யாருக்கும் பயனே இல்லையா? இருந்தது, எதிர்பாராத இடத்தில். செய்கி 2013இல் 39 இன்ச் 4கே டிவியை 700 டாலருக்கு வெளியிட்டபோது அதை அள்ளிக்கொண்டு போனவர்களில் மென்பொருள் எழுதுபவர்களும் இருந்தார்கள். அவர்கள் அதை ஹாலில் மாட்டவில்லை. மேசையில், கண்ணுக்கு இரண்டரை அடி தூரத்தில் வைத்தார்கள். அந்தத் தூரத்தில் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வந்தது. நான்கு திரைகளில் விரித்துவைக்க வேண்டிய வரிகள் ஒரே திரையில் நின்றன. நொடிக்கு 30 படம் என்பதால் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தது. எழுத்து வேலைக்கு அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஒளிபரப்பும் டிஸ்க்கும் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. நுணுக்கத்தை அவர்களுடைய கணினியே உருவாக்கித் தந்தது. புகைப்படக் கலைஞர்களுக்கும் இதே கதைதான்; அவர்கள் கேமராவில் 4கேயைத் தாண்டிய படங்கள் ஏற்கெனவே குவிந்து கிடந்தன.

ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு 2016க்கு முன் 4கே வாங்கியது வீண் செலவு என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டில்தான் கேபிள், சுருக்கும் முறை, எச்டிஆர், டிஸ்க் நான்கும் ஒரே டிவியில் சந்தித்தன. அதே பணத்தை 2013இல் நல்ல பிளாஸ்மா எச்டி டிவிக்குக் கொடுத்தவர், அதன் ஆழ்ந்த கருமையால் பல 4கே டிவிகளைவிட நல்ல படத்தைப் பார்த்தார்.

8கே அதே பாதையில் வருகிறது. ஷார்ப் 2015 அக்டோபரில் 85 இன்ச் 8கே திரையை ஒரு கோடியே அறுபது லட்சம் யென்னுக்கு விற்பனைக்கு வைத்தது. 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். கேம்பிரிட்ஜ் அளவுகோலை வைத்தால், அந்த 85 இன்ச்சுக்கு எட்டே முக்கால் அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு 4கேயும் 8கேயும் ஒன்றுதான். என்எச்கேயின் 8கே சேனல் தொடங்கியது அந்த 2018 டிசம்பர் 1ஆம் தேதியே. முதல் நாள் நிகழ்ச்சிகளில் ஒன்று, 65 மில்லிமீட்டர் நெகட்டிவில் எடுத்து 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. அரை நூற்றாண்டாக ஃபிலிமில் இருந்த நுணுக்கத்தை அன்றுதான் வீட்டுத் திரைக்கு முழுதாக அனுப்ப முடிந்தது. அதை முழுதாகப் பார்க்க, 85 இன்ச் திரைக்கு நாலேகால் அடியில் நாற்காலியைப் போட வேண்டும்.